பழைய கார்ப்பெட் மறித்த சூடு

லண்டன் மோர்டனில் எங்கள் வீட்டு முன்னறைக்குத் தரைக்குக் கீழே ஹீட்டிங் போட்டுத் தந்தவர் ரவி அண்ணை. இந்த ஊருக்கு வந்த புதிதில் ஒரே அறையில் கிடந்த ஆறு பேரில் அவரும் நானும் இருவர். சூடு கீழே இறங்காமல் இன்சுலேஷன், அதன்மேல் சூட்டைப் பரப்ப அலுமினியத் தகடுகள், அவற்றில் சுடுதண்ணீர்க் குழாய், மேலே பலகை என்று பார்த்துப் பார்த்துச் செய்தார்.

குளிர் தொடங்கியது. மூன்று நாள் ஹீட்டிங் ஓடியும் அறை சூடாகவில்லை.

"தகடு ஒழுங்காய் வைக்கேல்லைப் போல. வந்து பலகையைக் கிளப்புங்கோ!" என்று போனில் கத்திவிட்டேன்.

பலகை கிளப்பும் சாமான்களோடு வந்தவர், தரையில் நான் விரித்திருந்த தடித்த கார்ப்பெட்டைக் கண்டதும் குந்தியிருந்து தடவினார்.

"இது நாங்கள் ஆறு பேரும் படுத்ததெல்லே? இன்னும் வச்சிருக்கிறியே?"

"ஓம் அண்ணை. எறிய மனம் வரேல்லை."

"அண்டைக்குக் கீழையிருந்து குளிரை வர விடேல்லை. இண்டைக்குச் சூட்டை வர விடேல்லை," என்று சிரித்தபடி ஒரு பக்கத்தைச் சுருட்டினார். அந்த இடத்தில் கால் வைத்தேன். பலகை கதகதவென்றிருந்தது. அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாகப் போய்விட்டது.

இப்போது கார்ப்பெட் மேல்மாடியில் சுருண்டு கிடக்கிறது. அண்ணை சாப்பிட வரும் நாளில் மட்டும் ஹீட்டிங்கை நிறுத்திவிட்டு, அந்த நாளைப் போல அதில் இருந்து சாப்பிட அதை விரிக்கிறேன்.