தம்பிக்கு வந்த பால் கஞ்சி

பச்சரிசி நொய்யைப் பாலில் போட்டு, கூடவே விரல் நீளத்துக்கு ஒரு துண்டுப் பட்டையையும் போட்டுக் குழையக் கொதிக்கவைத்தால் எழும் வாசனை மூக்கில் தங்காமல் நேரே வயிற்றுக்கு இறங்கும் என்பதை, என் ஒன்பதாவது வயதில், புதுச்சேரியில் ஒரு சின்ன ஹோட்டலின் மாடி வராந்தாவில் உட்கார்ந்தபடி நான் தெரிந்துகொண்டேன். அந்தக் கஞ்சி எனக்காக வந்ததல்ல.

பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டுப் போய் இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்த ஒரு மே மாதம் அது. நாங்கள் வேலூர்க்காரர்கள், அப்பாவுக்கு சர்வே ஆபீசில் வேலை. என் தம்பி சேகருக்கு இரண்டரை வயது. அந்த வருடம் பங்குனியில் அவனுக்குச் சீதபேதி கண்டு, பிள்ளை தங்குமா தங்காதா என்று பத்து நாள் வீட்டில் யாரும் சரியாகப் பேசிக்கொள்ளக்கூட இல்லை. பிழைத்துக்கொண்டான், ஆனால் சாப்பாட்டை மறந்துவிட்டான். எதை நீட்டினாலும் மருந்து என்று நினைத்து உதட்டை இறுக்கிக்கொள்வான். அதிலும் அம்மாவின் கை கிட்டே வந்தால் தலையையே திருப்பிக்கொள்வான், மூக்கைப் பிடித்து மருந்து ஊற்றியது அந்தக் கைதான் என்பதால். "கடல் காத்து பட்டா பசி எடுக்கும்" என்று டாக்டர் சொல்ல, அப்பா யாரிடமோ விலாசம் வாங்கி, கடிதம் எழுதி, கடற்கரைக்கு இரண்டு தெரு உள்ளே தள்ளியிருந்த அந்த ஹோட்டலில் பத்து நாளைக்கு ஓர் அறை எடுத்தார்.

ஹோட்டல் என்றாலும் மொத்தம் ஆறே அறைகள்தான். அதை நடத்தியவர் ஒரு தமிழ்க் கிறிஸ்தவ அம்மாள். கணவரோடு சைகோனில் பல வருடம் இருந்துவிட்டு, அவர் இறந்தபின் ஊர் திரும்பியவர். எல்லோரும் அவரை "மதாம்" என்றுதான் கூப்பிட்டார்கள். வந்த அன்றே, சாவியைக் கையில் கொடுக்கும்போதே விதியையும் சொல்லிவிட்டார்.

"இங்க துமி பான்சியோன்தாம்மா, அரைச் சாப்பாடு. காலைல ரொட்டியும் காப்பியும், ராவுக்கு எட்டு மணிக்குச் சாப்பாடு. மதியானத்துக்கு நான் யாருக்கும் சமைக்கறதில்ல. மாடில அடுப்பு பத்த வைக்கக் கூடாது."

அப்பா முகத்தில் ஈ ஆடவில்லை. கடிதத்தில் "அரைச் சாப்பாடு" என்று இருந்ததைக் குழந்தைகளுக்கு அரை என்று அவர் அர்த்தம் பண்ணிக்கொண்டிருந்தார் போலும். முதல் இரண்டு நாள் மதியம் பஜார் பக்கம் போய் எடுப்புச் சாப்பாடு வாங்கி வந்தார். திங்கட்கிழமை சாயங்காலம், "சனிக்கிழமை வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு வேலைக்காக வேலூருக்கு ரயில் ஏறிவிட்டார்.

அதன்பிறகு எங்களுக்கு மதியம் என்ற வேளையே இல்லாமல் போனது. ஆண்கள் நிறைந்த சாப்பாட்டு ஹோட்டலில் ஒரு பெண் தனியாகப் போய் இலை போட்டு உட்காருவது அன்று நினைத்துப் பார்க்கக்கூடிய காரியம் இல்லை. என்னைத் தனியே அனுப்பவும் அம்மாவுக்குப் பயம். காலையில் கொடுக்கும் நீள ரொட்டியில் பாதியைத் துண்டில் சுற்றி எடுத்து வந்து வைத்திருப்பாள். மதியம் அந்த ரொட்டியும் ஒரு வாழைப்பழமும் எனக்கு. அவளுக்குத் தண்ணீர். "நமக்கென்ன, ராத்திரிக்கு வயிறாரச் சாப்பிடத்தானே போறோம்" என்று தினமும் சொல்வாள். மே மாத வெயிலில் மதியம் பன்னிரண்டிலிருந்து இரவு எட்டு மணி வரைக்கும் எவ்வளவு தூரம் என்பது ஒன்பது வயது வயிற்றுக்குத்தான் தெரியும்.

தம்பிக்கோ இரவுச் சாப்பாடும் இல்லை. ஏழு மணிக்கே தூங்கிவிடுவான். அப்பா ரயில் ஏறிய அன்று ராத்திரி அம்மா அவனை எழுப்பிக் கீழே தூக்கிக்கொண்டு போனாள். சூப்பு வாசனை பட்டதும் அவன் வீறிட்டு அலறிய அலறலில் மற்ற மேஜைக்காரர்கள் எல்லோரும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எங்களையே பார்த்தார்கள். அம்மா கண் கலங்க மாடிக்கு வந்துவிட்டாள். அப்புறம்தான் அவள் மதாமிடம் போய், கூச்சத்தை விட்டுக் கேட்டாள். மதாம் படிப்பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுச் சொன்னார்.

"சின்னவனுக்கு மட்டும் ஒரு கிண்ணம் கஞ்சி வச்சுத் தரேன். சீக்காளிப் புள்ளைன்றதால. மத்தவங்க கேட்டா நான் என்னம்மா சொல்றது?"

அப்படி வந்ததுதான் அந்தப் பால் கஞ்சி. செவ்வாய்க்கிழமை மதியம் மதாமே படியேறிக் கொண்டுவந்து கொடுத்தார். அம்மா கிண்ணத்தை என்னிடம் நீட்டினாள். "என் கையாலன்னா வாய தொறக்க மாட்டான். நீ வெளயாட்டு காட்டி ஊட்டுடி" என்று சொல்லிவிட்டுத் துணி துவைக்கக் கீழே போனாள். பின்கட்டுக் குழாயில் மதியம்தான் தண்ணீர் வரும்.

வராந்தாவின் கோடியில், கட்டிடங்களின் இடுக்கு வழியாகக் கடலில் பழைய பாலத்தின் இரும்புக் கால்கள் தெரியும் இடத்தில், தம்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். காக்காய் காட்டினேன், கப்பல் வருகிறது என்று பொய் சொன்னேன். நான்கு ஸ்பூன் வாங்கிக்கொண்டான். அவ்வளவுதான். ஐந்தாவதை நாக்கால் தள்ளினான். எத்தனை முறை முயன்றும் பல் கிட்டியதுபோல வாயை மூடிக்கொண்டான். கிண்ணத்தில் முக்கால்வாசி அப்படியே இருந்தது. ஆறி, மேலே ஆடை கட்டிக்கொண்டிருந்தது. ஆடையை மட்டும் எடுத்துவிடலாம் என்று ஒரு ஸ்பூன் என் வாயில் போட்டேன். பிறகு என்ன நடந்தது என்று எனக்கு உண்மையாகவே தெரியவில்லை. கிண்ணம் காலியாக இருந்தது.

ஈரத் துணியோடு மேலே வந்த அம்மா கிண்ணத்தைப் பார்த்தாள்.

"குடிச்சானாடி?"

"குடிச்சான்" என்றேன்.

அம்மா அந்தத் துணிக் குவியலைக் கீழே போட்டுவிட்டு என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பங்குனி மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். இறங்கிப் போய் மதாமிடமும் சொல்லிவிட்டு வந்தாள்: "முழுக் கிண்ணமும் குடிச்சுட்டான் மதாம். அக்காக்காரி ஊட்டினா சாப்பிடறான்." உண்மையைச் சொல்ல வேண்டிய நிமிஷம் அது. அந்தச் சிரிப்பைக் கலைக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் மதாம் இன்னும் பெரிய கிண்ணத்தில் கொண்டுவந்தார். அவன் மூன்று ஸ்பூன் வாங்கி, மூன்றையும் என் பாவாடையில் துப்பினான். வியாழக்கிழமை ஒரே ஒரு ஸ்பூன். மிச்சம் முழுவதும் எனக்கு. பசிக்காகக் குடித்தேன் என்று மட்டும் சொன்னால் அது பாதி உண்மைதான்; மிச்சம் இருந்த கிண்ணத்தோடு கீழே போனால் அம்மா முகம் என்ன ஆகும் என்ற பயமும் சேர்ந்துதான் அதைக் குடித்தது. ஒவ்வொரு நாளும், நாளைக்கு அவன் சாப்பிட்டுவிடுவான், இந்தப் பொய் தானாகவே சரியாகிவிடும் என்று சமாதானம் செய்துகொள்வேன். தனியாக இருக்கும்போது "சாப்பிடுடா, சாப்பிடுடா" என்று அவன் காதருகில் கெஞ்சுவேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருப்பான்.

துவைக்கும் துணி நாளுக்கு நாள் குறைந்தது. பங்குனியில் நாளுக்கு இருபது துணி துவைத்த அம்மா, வயிறு கட்டிவிட்டது, உடம்பு தேறுகிறது என்று நினைத்துக்கொண்டாள். அவன் ஈரம் பண்ணாததற்கு வேறு காரணம் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை கடற்கரைச் சாலைக்குக் கூட்டிப் போனபோது தம்பி நடக்கவில்லை. இறக்கி விட்ட இடத்திலேயே உட்கார்ந்தான். கொடுத்த பாலை வாந்தி எடுத்தான். மதியம் கஞ்சி வந்தபோது அவனை எழுப்பப் பார்த்தேன். கண்ணைத் திறந்து மறுபடி மூடிக்கொண்டான். உதடு வெடித்திருந்தது. ஸ்பூனை வைத்துவிட்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. அன்றைக்கும் அந்தக் கிண்ணத்தைக் காலி செய்தேன். அதை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அம்மா வந்து அவனைத் தூக்கினாள். தலை அவள் தோளில் நிற்காமல் சரிந்தது. அவள் போட்ட சத்தத்தில் மதாம் ஓடி வந்து, பார்த்த மாத்திரத்தில் டாக்டருக்கு ஆள் அனுப்பினார்.

வந்தவர் வயதான மனிதர், மூக்கின் நுனியில் கண்ணாடி. கட்டிலில் குனிந்து தம்பியின் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளின தோல் அப்படியே மடிந்து நின்றது. "என்ன சாப்பிடறான்?" என்று கேட்டார்.

"மத்த நேரத்துல ரெண்டு வாய் தண்ணி தவிர ஒண்ணும் எறங்கல. ஆனா மதியம் பெரிய கிண்ணம் நெறைய பால் கஞ்சி. நாலு நாளா தவறாம குடிக்கிறான்" என்றாள் அம்மா. மதாமும் ஆமாம் என்று தலையாட்டினார்.

டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். "அவ்வளவு பால் உள்ள போயும் இப்படிக் கெடக்கிறான்னா குடல் இன்னும் ஆறலம்மா. பால்தான் விஷமாகுது. ரெண்டு நாள் வயித்தக் காயப்போடணும். ஒண்ணும் குடுக்காதீங்க. நாக்கு நனையற அளவுக்குத் தண்ணி, அவ்வளவுதான்." பேனாவை எடுத்து மேஜையில் குனிந்து எழுத ஆரம்பித்தார்.

நான் கதவோரம் நின்றிருந்தேன். இரண்டு நாள் ஒன்றும் கொடுக்கக் கூடாது என்ற வார்த்தை மட்டும் காதில் நின்றது. நாலு நாளாக ஒன்றுமே உள்ளே போகவில்லை என்பது அந்த அறையில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். பேனா காகிதத்தில் கீறும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"அவன் குடிக்கல."

யாரும் திரும்பவில்லை. கொஞ்சம் உரக்கச் சொன்னேன்.

"அவன் கஞ்சி குடிக்கல. நான்தான் குடிச்சேன்."

பேனா நின்றது. டாக்டர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். அம்மாவை நான் பார்க்கவில்லை.

"இங்க வா. இன்னிக்கு எத்தனை ஸ்பூன் குடிச்சான்?"

"ஒண்ணும் இல்ல."

"நேத்து?"

"ஒண்ணு."

"அதுக்கு முந்தி?"

"மூணு. அதையும் துப்பிட்டான். மொத நாள் நாலு."

அவர் என்னைத் திட்டவில்லை. எழுதிய காகிதத்தைக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டு மதாமிடம் பிரெஞ்சில் வேகமாக ஏதோ சொன்னார். மதாம் படியில் இறங்கி ஓடினார். பிறகு அம்மாவிடம், "புள்ளைக்கு வியாதி இல்ல, உடம்புல ஈரமே இல்ல. சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் போட்ட தண்ணி. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன், அதுக்கு மேல வேண்டாம். பொழுது சாயறதுக்குள்ள மூத்திரம் போகணும். போகலேன்னா தூக்கிக்கிட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க" என்றார்.

அம்மாதான் முதலில் ஊட்டிப் பார்த்தாள். அந்த மயக்கத்திலும் அவள் கையை அவன் கண்டுகொண்டான். உதடு இறுகியது, தண்ணீர் கழுத்தில் வழிந்தது. இரண்டாம் முறையும் அப்படியே. அம்மா ஸ்பூனை என் பக்கம் நீட்டினாள்.

உதட்டோரத்தில் ஸ்பூனை வைத்துச் சாய்த்தேன். வெகு நேரம் கழித்துத் தொண்டை ஒரு முறை ஏறி இறங்கியது. மதாம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து "இப்ப" என்பார். நான் அடுத்த ஸ்பூனைக் கொடுப்பேன். அம்மா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. என் கையையும் அவன் வாயையும் மட்டும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டு மணி, மூன்று மணி, நான்கு மணி. வராந்தாவில் வெயில் சுவரேறிப் போய்விட்டது. அம்மா நிமிஷத்துக்கு ஒரு முறை அவன் துணியைத் தொட்டுப் பார்ப்பாள். காய்ந்தே இருக்கும்.

ஐந்தரை மணி இருக்கும். என் மடியில் சூடாக ஏதோ பரவியது. பாவாடை நனைந்துவிட்டது. "அம்மா" என்றேன். அவள் கையை வைத்துப் பார்த்தாள், பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். மதாம் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். தம்பி கண்ணைத் திறந்து, ஸ்பூனைப் பார்த்து, தானாக வாயைத் திறந்தான்.

அடி விழும் என்று காத்திருந்தேன். அம்மா எழுந்து என் பின்னால் வந்து நின்றாள். தம்பியின் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதுபோல என் வயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சற்று நேரம் அந்தக் கை அங்கேயே இருந்தது.

மறுநாள் மதியம் மதாம் எங்களைக் கீழே கூப்பிட்டார். சாப்பாட்டு அறைக்கு அல்ல, பின்னாலிருந்த சமையல்கட்டுக்கு. இரவில் எல்லோருக்கும் சூப்பு பரிமாறும் அந்த அம்மாள் மதியத்தில் தனக்கென்று சோறும் மீன் குழம்பும் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சாப்பிடுவார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அம்மாவுக்கும் எனக்கும் தட்டு வைத்தார். "மாடில பசியோட புள்ள ஒக்காந்திருக்கு, நான் கீழ தின்னுக்கிட்டு இருந்திருக்கேன்" என்று அம்மாவைப் பார்க்காமல் சொன்னார். தம்பி அம்மா மடியில் சாய்ந்து, குழம்பு படாத வெறும் சோற்றுப் பருக்கைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டான். நாங்கள் மூன்று பேரும் பேச்சை நிறுத்திவிட்டு அதையே பார்த்தோம்.

அன்று சாயங்காலம் அப்பா வந்தபோது, "தம்பிக்கு நடுவுல கொஞ்சம் முடியாம போச்சு, இப்ப பரவால்ல" என்று மட்டும் அம்மா சொன்னாள். சாகும் வரைக்கும் அப்பாவிடமோ வேறு யாரிடமோ அவள் அதற்கு மேல் சொன்னதாகத் தெரியவில்லை. என்னிடமும் பேசியதில்லை.

போன வருடம் தம்பியும் நானும் புதுச்சேரிக்குப் போயிருந்தோம். அவன் இப்போது பேரன் எடுத்தவன், ஆள் நல்ல பருமன். அந்த ஹோட்டல் இருந்த இடத்தில் துணிக்கடை வந்திருக்கிறது. வராந்தாவைக் கண்ணாடி போட்டு மூடிவிட்டார்கள். மதாமைப் பற்றிக் கேட்டதற்கு அந்தத் தெருவில் யாருக்கும் தெரியவில்லை. மதியம் அடுப்பு மூட்டாத ஹோட்டல் என்று ஒன்று இருந்தது என்றால் கடைக்காரப் பையன்கள் சிரிக்கிறார்கள். அந்த அறையில் அன்று நின்றிருந்த பெரியவர்களில் ஒருவரும் இன்று இல்லை. சொல்லாவிட்டால் என்னோடேயே போய்விடும் என்று தோன்ற, கடற்கரைச் சாலை பெஞ்சில் உட்கார்ந்து முதல் முறையாகத் தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

கேட்டுக்கொண்டே இருந்தான். கோபப்படுவான் அல்லது சிரித்து மழுப்புவான் என்று நினைத்தேன். பெஞ்சில் என் பக்கம் திரும்பிக் கேட்டான்:

"ஏன்க்கா, அந்த நாலு நாளும் உனக்குப் பசிக்குதான்னு ஒருத்தர்கூடவா கேக்கல?"