பெருங்காயம் மணத்த பீர் கெட்டில்

1. முதல் நாள்

யூரோக் காசு கைக்குப் பழகத் தொடங்கிய காலம். பிராங்பேர்ட்டில், வீட்டிலேயே பீர் காய்ச்சும் ஆட்களுக்குச் சாமான் விற்கும் கடையொன்றில் சேர்ந்தேன். அவர்கள் வாடகைக்கு எடுத்துத் திருப்பித் தரும் அண்டா போன்ற, அடியில் குழாய் வைத்த பெரிய எவர்சில்வர் கெட்டில்களைக் கழுவுவதுதான் வேலை. சட்டி கழுவ எனக்குப் படிப்பிக்க வேண்டுமா என்று தேய்க்கிற கம்பித்தும்பைக் கையில் எடுத்தேன். முதலாளி பாய்ந்து வந்து பறித்தார். அவரை எல்லோரும் ஷெஃப் என்றுதான் கூப்பிடுவோம்; டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், முதலாளிக்கு அதுதான் சொல். அவர் டொச்சில் சொன்னதை என் தமிழிலேயே தருகிறேன்.

“ஐயோ மனோ, கீறாதேங்கோ! கீறின இடத்தில கிருமி குடியிருக்கும், துருவும் பிடிக்கும்!”

சுடுதண்ணீரில் சோடாக் கரைசல், மெத்தென்ற ஸ்பொஞ்ச், கடைசியில் சிட்ரிக் அசிட். அதுதான் முறை. கழுவி முடிந்ததும் ஷெஃப் கெட்டிலுக்குள் தலையை விட்டு மோந்து பார்ப்பார். ஏதாவது மணந்தால் திரும்பவும் முதலிலிருந்து கழுவ வேண்டும். அந்த மூக்கு இருக்கிறதே, அப்பப்பா!

2. பிரபுவின் பீர்

வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு கிழமைதான் இருந்தது. அப்போது பார்த்து வந்து சேர்ந்தான் பிரபு. கார்ல்ஸ்ரூஹேயில் ஐ.டி. வேலை செய்யும், எனக்குப் பழக்கமான மதுரைப் பெடியன். “நல்ல பிள்ளை, நான் பொறுப்பு” என்று ஷெஃப்பிடம் சொல்லிக் கெட்டில் வாங்கிக் கொடுத்தவள் நான்தான்.

அவன் திருப்பிக் கொண்டுவந்த கெட்டிலை ஷெஃப் மூடி திறந்து பார்த்தார். “நாளைக்கு இதில நானே காய்ச்சப் போறன், வடிவாக் கழுவுங்கோ” என்று பின்பக்கம் அனுப்பினார். பிரபுதான் தூக்கி வந்து வைத்தான். நான் உள்ளே தண்ணீர் விட்டு, கெட்டிலின் குழாயைத் திறந்தேன். தண்ணீரோடு நாலு கடுகு உருண்டு வந்தது.

“எந்தப் பீருக்கடா தம்பி கடுகு தாளிக்கிறது?”

“அக்கா, சத்தியமா பீர்தான்...”

“ஓம், ஓம். பெருங்காயமும் போட்ட பீர்!”

அசடு வழிந்தான். “தீபாவளிக்கு நூறு பேருக்கு சாம்பார் வச்சோம்க்கா. பூசணிக்காய் சாம்பார். இவ்ளோ பெரிய பாத்திரத்துக்கு நான் எங்க போவேன்? பாஸ்கிட்ட போட்டுக் குடுத்துடாதீங்க, ப்ளீஸ்!”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவன் சாம்பாரில் போட்டு, பீரில் மறைக்கப் பார்த்தான். பீரைத் தவிர வேறெதையும் காய்ச்சக் கூடாது என்பது கடை விதி. எண்ணெய் பட்டால் பீரில் நுரை நிற்காது. நாளைக்கு நுரை விழுந்தால் என் வேலையும் விழும். அவனை நல்ல கிழி கிழித்து அனுப்பினேன்.

இரண்டு தரம் சோடா, ஒரு தரம் அசிட். கெட்டில் பளபளத்தது, பெருங்காயம் மட்டும் போகவில்லை. கடைசியில் குழாயை முழுதாகக் கழற்றினேன். உள்ளே இருந்த வெள்ளை சிலிக்கோன் வளையம் மஞ்சள் குளித்து மங்களகரமாக இருந்தது. சனியன்! புது வளையம் போட்டு, பழையதை ஏப்ரன் பையில் ஒளித்தேன்.

3. மூக்கு

ஷெஃப் தலையை உள்ளே விட்டார். வெளியே எடுத்தார்.

“ஒண்டும் மணக்கேல்லை.”

அப்பாடா என்று திரும்பினேன்.

“இனி அந்தப் பழைய வளையத்தை எடுங்கோ, பாப்பம்.”

எடுத்து நீட்டினேன். அதையும் மோந்தார், மனுசன்! “அவர் கொண்டுவரேக்கையே மணந்தது. வளையம் மாத்தாமல் அந்த மணம் போகாது. நீங்கள் குழாயைக் கழட்டுவீங்களோ எண்டு பாக்கத்தான் பேசாமல் இருந்தனான். கனபேர் கழட்டுறேல்லை. அடுத்த கிழமையிலயிருந்து நீங்கள் நிரந்தரம்.” போகிற போக்கில் திரும்பி, “அது என்ன சாப்பாடு?” என்றார். சொன்னேன்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: குழாயைக் கழற்றாமல் கழுவிய கெட்டில், கழுவாத கெட்டில்.

பொங்கலுக்கு முதல் பிரபு திரும்பவும் வந்தான். “பீர் காய்ச்ச ஒரு கெட்டில் வேணும்க்கா” என்றான், முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு.

ஷெஃப் உள்ளிருந்து ஒரு நெளிந்த பழைய கெட்டிலைத் தூக்கி வந்து அவன் முன்னால் வைத்தார். பிறகு, தனக்குத் தெரிந்த ஒரேயொரு தமிழ்ச் சொல்லால் கேட்டார்:

“சாம்பார்?”