பனிச்சரிவுக்கு வேண்டிக்கொண்டவர்

கயிறு ஷிகேயோஷி என்றால் ஜப்பானின் அந்த நீகாத்தா மலையூரில் தெரியாதவர் கிடையாது. பனிச்சறுக்கு மைதானத்தில் பனிச்சரிவு வருமென்று அவருக்குத் தோன்றினால் குறுக்கே மஞ்சள் கயிறு கட்டிவிடுவார், சம்பளமே அதற்குத்தான். தோன்றாத நாள் குறைவு. சொந்த வீட்டுக் கூரையில் பனி தொங்குகிறதென்று வாசலுக்கே ஒருமுறை கயிறு கட்டியதில், மனைவி தோமியே அந்தக் குளிர்காலம் முழுக்கச் சமையலறை ஜன்னல் வழியாகத்தான் கடைக்குப் போய்வந்தாள்.

இந்தப் பருவம் மைதானம் திறக்குமுன்பே மேல்சரிவுக்குக் கயிறு விழுந்தது. விடுதி நடத்தும் குமேகிச்சி, தோமியேயின் அண்ணன், கையில் கும்பிடுபூச்சி முட்டை ஒட்டிய காய்ந்த தண்டோடு கொதித்துப்போய் வந்தார். பனி எட்டாத உயரத்தில்தான் கும்பிடுபூச்சி முட்டையிடும் என்பது ஊர் நம்பிக்கை.

"மாப்பிள்ளை, கண்ணத் தொறந்து பாருங்க. முட்டை முழங்காலுக்கும் கீழ இருக்கு! இந்த வருஷம் பனியே கம்மி. எதுக்குக் கயிறு?"

"கம்மியா இருந்தாலும் சரியும் மச்சான். நவம்பர்ல விழுந்த பனி குளிர்ல கெடந்து சர்க்கரை மாதிரி பொலபொலன்னு ஆயிடுச்சு. அடியில மூங்கில்புல்லு வழுவழுன்னு படுத்திருக்கு. காத்து அடிச்சுக் கொண்டாந்த புதுப்பனி பூராவும் அது மேல உக்காந்திருக்கு."

"பூச்சிக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சிருச்சாக்கும்!"

ஊர்க்கூட்டம் இரு தரப்பையும் சீர்தூக்கிப் பார்த்து, நடுநிலை வழுவாமல் பூச்சியின் பக்கம் சாய்ந்தது. திறப்பு நாளின் பாதுகாப்புப் பூஜை முடியும்வரை சரிவு அசையாமலிருந்தால் கயிறு அவிழும். ஷிகேயோஷி வாடகைப் பூட்ஸ் உலர்த்தும் அறைக்கு மாற்றப்படுவார். அந்த அறைக்குப் பனியில் புதைவதே மேல் என்பது அங்கே வேலை பார்த்தவர்களின் கருத்து.

திறப்பு நாள் காலை காற்று வெதுவெதுப்பாக மாறி, தூறலும் போட்டது. எல்லோரும் கயிற்றுக்கு இப்பாலே நிற்க, குமேகிச்சி மட்டும் தாண்டிப் போய், சாமிக்குரிய சாக்கே மதுப் பீப்பாயையும் பெரிய சிவப்பு மீனையும் அடிவாரத்தில் வைத்துவிட்டு வந்தார்.

"அங்க வேணாம் மச்சான்."

"போட்டோவுல மலை தெரியணும் மாப்பிள்ளை. சாமிக்கு வெச்சத சாமி பாத்துக்கும்."

பூசாரி வெள்ளைக் காகிதம் கட்டிய கோலை அசைத்து, சரிவு எதுவும் வரக்கூடாதென்று வேண்டினார். ஊரே குனிந்தது. ஷிகேயோஷியும் குனிந்தார். ஆனால் பூட்ஸ் வாசனை இப்போதே மூக்கில் ஏறியதால், 'யாருக்கும் அடிபடாம, ஓரமா, ஒரே ஒரு தடவை' என்று வேறு வேண்டுதல் வைத்தார்.

மேலே 'தொம்' என்றது. சரிவு பாதியாகப் பிளந்து இறங்கி, பீப்பாயையும் மீனையும் வாரிக்கொண்டு, கயிற்றுக்கு முன்னால் வந்து அடங்கியது. எல்லோரும் பின்னால் நகர, ஜெயகோஷமாக ஒரே ஒரு குரல்:

"பன்ஸாய்!"

இரண்டு கைகளையும் தூக்கியபடி ஷிகேயோஷி நின்றிருந்தார். ஊர் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

ஷிகேயோஷியின் வேலை பிழைத்தது. "பூச்சி பனி எவ்வளவுன்னுதான் சொல்லுச்சு. சரியாதுன்னா சொல்லுச்சு?" என்று குமேகிச்சியும் பூச்சியின் மானத்தைக் காப்பாற்றினார்.

அடுத்த வருடப் பூஜையில் பூசாரி கோலை எடுத்தவர், ஷிகேயோஷியைப் பார்த்ததும் கீழே வைத்துவிட்டார்.

"ஐயா, நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வேண்டிக்க வேணாம், சும்மா நின்னா போதும்."

குமேகிச்சி ஓடிப்போய் அவருக்கும் கூட்டத்துக்கும் நடுவே மஞ்சள் கயிறு கட்டினார். ஷிகேயோஷி முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். தொளதொளவென்று இருந்தது. அவிழ்த்து, இழுத்து, இறுக்கமாகத் தானே கட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போய் நின்றார்.