ஒரு தொகுதிக்கு ஒரு ஆள்

மோர்னிங்சைட்டில் பல் வைத்தியருக்காகக் காத்திருந்தபோது சிவபாலன் அண்ணையின் மகள் அழைத்து, அப்பா போய்விட்டார் என்றாள். காருக்குள் இருந்து அழுதேன். முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதவும் அன்றே ஒப்புக்கொண்டேன். இன்றென்றால் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

நீங்கள் அவரை இந்த நாட்டுக்கு வந்தபின், இங்கே மில்லிக்கனில் அறிந்தவர்கள். நான் அறிந்தது கிழக்கு லண்டனில், தொண்ணூறுகளில். ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு அப்போது அங்கே தொகுதிக்கு ஒருவரைத்தான் தெரிவுசெய்தார்கள். பொதுநலவாய நாட்டவர் என்பதால், இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருந்த எங்களுக்கும் வாக்கு இருந்தது. அதை எங்கள் சனம் நம்பவில்லை. கதவைத் திறக்கப் பயந்த ஒரு மன்னார் அம்மாவுக்கு, கடிதம் போடும் துவாரத்துக்குள்ளால் அரைமணி நேரம் விளக்கியவர் அண்ணை. கட்சியின் துண்டுப்பிரசுரக் கட்டோடு நான் மழையில் நின்றேன்.

"ஒரு தொகுதிக்கு ஒரு ஆள், தங்கச்சி. ஆரிட்டக் கேக்கிறதெண்டு தெரியும். உதைவிட என்ன வேணும்?" என்பார்.

அந்தத் தேர்தல் மாதத்தில்தான் என் தம்பி ரமணனைத் திருப்பியனுப்புவதற்காகத் தடுப்பு முகாமில் வைத்திருந்தார்கள். மறுபடி போட்டியிட்ட எங்கள் கட்சியின் தொகுதி உறுப்பினர் அவனுக்காக உள்துறை அமைச்சுக்கு எழுதவேண்டும் என்று ஒரு மனு தயாரித்தோம். வாக்குக் கேட்டுப் போன அதே வீடுகளின் படிகளில் ஏறிக் கையெழுத்து வாங்கினோம். அண்ணை அதைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். "குடுத்திட்டன் தங்கச்சி. இனி அந்தாளின்ர பொறுப்பு" என்று மறுநாள் சொன்னார். வாக்களிப்புக்கு மூன்று நாள் இருக்க, தம்பியை விமானத்தில் ஏற்றினார்கள். கொழும்பில் இறங்கியவனை அதன்பிறகு யாரும் காணவில்லை.

இத்தனை வருடமும் நான் அந்த உறுப்பினரைத்தான் திட்டினேன். தனித் தொகுதிகளை ஒழித்து, லண்டன் முழுவதற்கும் ஒரே பட்டியல் என்று ஆக்கியபோது, நல்லாய் வேணும் என்றேன். அண்ணை கோட்டை எடுத்துக்கொண்டு எழும்பினார். தொகுதி போன கவலை என்று நினைத்தேன்.

அண்ணையின் உடலைப் பார்வைக்கு வைத்த அன்று, பெட்டியில் பூப் போட்டுவிட்டு முன்வரிசையில் இருந்தேன். லண்டனிலிருந்து வந்த பழைய கட்சித் தோழர் ஒருவர் பேசினார்.

"எலெக்சன் முடியுமட்டும் ஒரு அகதிப் பெடியன்ர மனுவைக் குடுக்காமல் கோட்டுக்குள்ளயே வைச்சிருந்தவர். அகதிக்காக நிக்கிறாரெண்டு எங்கட ஆளுக்கு வோட்டுக் குறையக்கூடாதெண்டு. அப்பிடி விசுவாசமான மனிசன்."

எல்லோரும் தலையாட்டினார்கள். நான் எழும்பி வெளியே போய்விட்டேன்.

கொடுத்திருந்தால் தம்பி தப்பியிருப்பானா, தெரியாது. ஆனால் ரமணனின் பிறந்தநாளுக்கு வருடம் தவறாமல் வெக்ஸ்போர்ட்டில் என் வீட்டுக்கு வந்து, என் மேசையில் என்னோடு சாப்பிட்டவர் அண்ணை. அதில் ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம். அதுதான் எனக்கு ஆறவில்லை.

மகளே, உன் அப்பா நிறைய நல்லது செய்தவர். அதை மற்றவர்கள் எழுதுவார்கள். என்னிடம் மிஞ்சியிருப்பது 'ஒரு தொகுதிக்கு ஒரு ஆள்' என்ற அவருடைய அந்த ஒரு பேச்சுத்தான். யாரிடம் கேட்பதென்று இப்போது எனக்குத் தெரியும். ஆனால் அவருடைய பெட்டியில் நானும் பூப் போட்டுவிட்டேன்.