கை நனைக்காத நடை

கணபதி என்கிற ஊரில் எங்கள் பம்ப் பட்டறையில், கீழே கிடந்த ஸ்பேனரை எடுக்கக் குனிந்தேன். நிமிரும்போது கண் இருட்டியது. காதுக்குள் மோட்டார் ஓடுகிற இரைச்சல். அப்போது எனக்கு வயது அறுபத்து மூன்று. என் தொப்பையைப் பார்த்து ஆள் செழிப்பாக இருக்கிறான் என்று ஊரே சொல்லும். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார். நம்பாமல் மறுபடியும் அடித்தார். மேல் அழுத்தம் (இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது இருப்பது) எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. தமனிகள் (இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் குழாய்கள்) இறுகிவிட்டன என்றார் டாக்டர்.

"வெயில்லயே கெடந்த ஓஸ் பைப்பு எப்படிங்க இருக்கும்?" என்று கேட்டார்.

"வெறைச்சுக்குமுங்க. மோட்டாரைப் போட்டா உதறும்."

"உங்க ரத்தக்குழாயும் அப்படித்தானுங்க. வயசும் பிரஷரும் ஒரு பக்கம், இந்த எடை ஒரு பக்கம். இப்படியே உட்டா மூளைக்குப் போற குழாய் தாங்காதுங்க."

உடுமலைப்பேட்டையில் என் அண்ணன் பக்கவாதத்தில் (ஒரு பக்கக் கைகால் செயலிழப்பது) கிடந்தார். என் பெயரைக்கூட அவரால் சொல்ல முடியாது. அடுத்தது நான்தான், இனி நேரமில்லை என்று தோன்றியது. மாத்திரையை விழுங்கினேன், சாப்பாட்டில் உப்பைக் குறைத்தேன், காலையில் நடக்கவும் கிளம்பினேன்.

நடந்த லட்சணத்தைக் கேளுங்கள். எங்கள் பக்கம் வீதிக்கு வீதி சொந்தக்காரர்கள். ஒரு வீட்டைத் தாண்டும்போது கை நனைக்காமல், அதாவது ஒரு வாயாவது சாப்பிடாமல், போனால் அது மனத்தாங்கல். தங்கச்சி சரசு வீட்டில் நெய் மிதக்க அரிசிம்பருப்புச் சாதம். மச்சான் வீட்டில் முறுக்கும் காப்பியும். அதற்கடுத்த வீட்டில் உப்புப் போட்ட மோர். வயிறு முட்ட வீடு திரும்புவேன்.

அடுத்தமுறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது எடை ஏறியிருந்தது! டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நடந்தீங்களா, விருந்துக்குப் போனீங்களா?"

சொன்னேன். சிரித்துவிட்டார். பிறகு முகம் மாறியது. "அண்ணன் நெலமை உங்களுக்கும் வரோணுமுங்களா?"

வழி கண்டுபிடித்தவள் என் மனைவி கமலம்.

"ஏனுங்க, பழனிக்கு மாலை போட்டுக்கோங்க. மாலை போட்டவங்களுக்கு வெளியூட்டுச் சோறு ஆகாது. ஒருத்தரும் வற்புறுத்த மாட்டாங்க."

அட, என்ன மூளை! எனக்குக் குதிக்கலாம் போலிருந்தது. மறுநாள் சரசு வாசலுக்கு ஓடி வந்தாள், மாலையைப் பார்த்தாள், கும்பிட்டு அனுப்பிவிட்டாள். அன்றைக்குச் சரவணம்பட்டிப் பக்கம் சோளக்காடு வரை நடந்தேன். நாளாக ஆக இடுப்புப் பெல்ட் ஓட்டை ஓட்டையாக உள்ளே போனது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது குறைந்தது.

பாதயாத்திரை வேண்டாம், பஸ்ஸில் போய், மலையில் சரிவாகப் போகும் யானைப்பாதையில் மெதுவாக ஏறலாம் என்றார் டாக்டர். உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன். மலை உச்சியில் நின்றபோது அழுதேவிட்டேன், வெட்கமெல்லாம் படவில்லை.

திரும்பி வந்து பார்த்ததில் மேல் அழுத்தம் நன்றாக இறங்கியிருந்தது.

"குழாய் பழையபடி எளசாகாதுங்க. இன்னும் வெறைக்காமப் பாத்துக்கலாம். மாத்திரையை மட்டும் நிறுத்திப்போடாதீங்க" என்றார் டாக்டர். இதே நிலையில் இருக்கும் உங்களுக்கும் அதையே சொல்கிறேன். இன்னும் விறைக்காமல் பார்த்துக்கொள்வதே சின்ன விஷயமில்லை.

மாலையை இறக்கிய மறுநாள் சரசு வாசலிலேயே காத்திருந்தாள்.

"அண்ணா, மாலைதான் எறக்கியாச்சே. கை நனைச்சுட்டுப் போங்க."

உள்ளேயிருந்து நெய் வாசம் வந்தது. அவளுக்கும் பிரஷர் உண்டு, உடம்பும் என்னைப் போலத்தான்.

"எனக்குப் போட்டுப் போட்டு நீயும் பெருத்துப்போட்டே, அம்மணி. செருப்பைப் போட்டுக்கிட்டு வா, நடக்கலாம்."

முறைத்துவிட்டு உள்ளே போனாள். கோபித்துக்கொண்டாள் என்று மனசு கனத்துவிட்டது. அவளோ அடுப்பை அணைத்து, வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

வீதி முனையிலேயே அவளுக்கு மூச்சு வாங்கியது. அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். நாடி என் விரலை உதைத்தது.

"பயமா இருக்குதுங்கண்ணா."

"மெதுவாப் போலாம், அம்மணி. நேரம் கெடக்குது."

சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது. இனி நேரமில்லை என்று பயந்தவனும் நான்தானே.