லேடீஸ் கம்பார்ட்மென்ட் அனுப்பிய தூதுக்குழு

போன செவ்வாய்க்கிழமை காலை தாம்பரம் ஸ்டேஷன் பிளாட்ஃபாரத்தில் நாலைந்து பெண்கள் என்னைச் சுற்றி வளைத்துக்கொண்டார்கள்.

அவசரப்பட்டுப் பொறாமைப்படாதீர்கள். ஐம்பதைத் தொடப்போகிற, தொப்பை விழுந்த ஒருவனைப் பெண்கள் எதற்காகச் சுற்றி வளைப்பார்கள்? விசாரணைக்குத்தான்!

என் மனைவி விஜயாவை இந்தப் பக்கத்தை வாராவாரம் புரட்டுகிறவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். அவளுக்கு எழும்பூரில் அரசாங்க வேலை. எனக்கு பீச் ஸ்டேஷனில் இறங்கி நடக்கிற தூரத்தில் ஆபீஸ். சேலையூரிலிருந்து இருவரும் ஒரே ஸ்கூட்டரில் கிளம்புவோம். வண்டியை ஸ்டாண்டில் விட்டு, மேம்பாலப் படியேறி, அந்தப் பக்கம் இறங்கி, பிளாட்ஃபாரத்தை மிதித்த அடுத்த நிமிடம் எங்களுக்கு விவாகரத்து ஆகிவிடும். அவள் லேடீஸ் கம்பார்ட்மென்ட்டுக்கு... நான் ஜெனரலுக்கு. சாயங்காலம் தாம்பரத்தில் இறங்கியதும் மறுபடியும் கல்யாணம்.

பதினெட்டு வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது. தாம்பரம் – பீச் மின்சார ரயிலில் போகும் பாதித் தம்பதிகளின் கதை இதுதான்.

சமீபத்தில் விஜயாவுக்கு முட்டிவலி வந்துவிட்டது. "படி ஏறுவதைக் குறையுங்கள்" என்றார் டாக்டர். தாம்பரத்தில் ஒரு மேம்பாலம், எழும்பூரில் ஒரு மேம்பாலம், ஆபீஸ் இரண்டாவது மாடியில். எதைக் குறைப்பது? இரண்டு வாரம் லீவு போட்டு வீட்டில் இருந்தாள்.

நான் யோசித்தேன். பையன் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருக்கிறான். என் ஒருவன் சம்பளமே வீட்டுக்குப் போதும். அப்புறம் எதற்கு இந்தக் கூட்டத்தில் இவள் இடிபட வேண்டும்?

"பேசாம வேலையை விட்டுடு விஜி. லீவு முடிஞ்சு வெள்ளிக்கிழமை போறப்ப ஆபீஸ்ல சொல்லிட்டு வந்துடு" என்றேன், சாப்பிடும்போது.

"ம்... பார்க்கலாம்" என்று எனக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.

'பார்க்கலாம்' என்றால் என்ன அர்த்தம்? கல்யாணமான ஆண்களைக் கேளுங்கள். சம்மதம் என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படித்தான் முடிவு கட்டினேன். எப்பேர்ப்பட்ட நல்ல புருஷன் நான் என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். ஆபீஸில் நாலு பேரிடம் சொல்லி, அவர்களையும் தட்டிக்கொடுக்க வைத்தேன்.

இந்த லட்சணத்தில்தான் செவ்வாய்க்கிழமை பிளாட்ஃபாரத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

"சார், ஒரு நிமிஷம்... நீங்க விஜயா அக்கா ஹஸ்பெண்ட்தானே?"

கேட்டவர் ஸ்டெல்லா டீச்சர். வீடு கிழக்குத் தாம்பரத்தில்; வேப்பேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறார். பார்த்த பார்வையிலேயே பெஞ்ச் மேல் ஏறி நிற்கத் தோன்றியது. பக்கத்தில் கஸ்தூரி – ஆஸ்பத்திரி ஆயா. பின்னால் டிபன் கூடைகளுடன் இன்னும் சிலர்.

"அக்காவை வேலையை விடச் சொல்லிட்டீங்களாமே, சார்?"

திடுக்கிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நான் மார்க்கெட் போயிருந்த நேரம் டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்து விஜயாவைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். "அவளுக்கு முட்டிவலி..." என்று ஆரம்பித்தேன்.

"அது தெரியும் சார். விடறேன்னு அக்கா சொன்னாங்களா?"

"பார்க்கலாம்னு சொன்னா..."

கஸ்தூரி குறுக்கே வந்தார். "இன்னா சார் நீங்க! பாக்கலாம்னா உட்டுர்றேன்னா அர்த்தம்? அக்காவ வூட்ல குந்த வெச்சிட்டு நீங்க மட்டும் ஜாலியா டிரெய்ன்ல போய்க்கினு இருப்பீங்க. எங்க பேஜார் உங்களுக்கு இன்னா தெரியும்? அக்கா வராம ரெண்டு வாரமா எங்க பெட்டி எழவு வூடு மாதிரி கீது!"

"விஜயா இல்லாமயா?" என்றேன். வீட்டில் அவள் பேசுவதே கம்மி. பேசுகிற டிபார்ட்மென்ட் என்னுடையது.

எல்லாப் பெண்களும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள்.

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. என் மனைவி பெரிய மிமிக்ரி ஆர்ட்டிஸ்டாம்! ஆபீஸ் மேனேஜர், காய்கறிக்காரர், டிக்கெட் பரிசோதகர் – யாரையும் விடுவதில்லையாம். எல்லாவற்றையும்விட ஹிட்டானது எது தெரியுமா? வாராவாரம் பத்திரிகை வந்ததும் இந்தப் பத்தியை என் குரலில் வாசிப்பாளாம். நடுநடுவே திருத்தங்களோடு!

"முன்னாடி எழுதியிருந்தீங்களே, அந்த காஸ் சிலிண்டரை மாடிக்குத் தூக்கினது நீங்க இல்லையாமே சார்?" என்றார் ஸ்டெல்லா டீச்சர், கொஞ்சமும் இரக்கமில்லாமல்.

நல்லவேளை, வண்டி வந்துவிட்டது. ஏறுவதற்கு முன் டீச்சர் உத்தரவு போட்டார். "வெள்ளிக்கிழமை நம்ம உமாவுக்கு டிரெய்ன்லயே வளைகாப்பு வெச்சிருக்கோம். பல்லாவரத்துல ஏறுவாளே, அந்தப் பொண்ணு. அக்காவைக் கண்டிப்பா அனுப்பி வைங்க. அதுக்கப்புறம் உங்க இஷ்டம்."

வெள்ளிக்கிழமை விஜயா அரக்குப் பட்டு கட்டிக்கொண்டு, தூக்கு நிறைய எலுமிச்சை சாதத்தோடு கிளம்பினாள். ஆபீஸில் சொல்லப்போகிறாளா? மேம்பாலத்தில் ஒவ்வொரு படியாக ஏறினாள். தூக்கை வாங்கிக்கொண்டேன். பிளாட்ஃபாரத்தில் தூக்கைக் கொடுத்துவிட்டு வழக்கம்போலப் பிரிந்தோம்.

வழக்கமாக நான் கடைசிப் பெட்டிக்குப் போவேன். அன்றைக்கு லேடீஸ் கம்பார்ட்மென்ட்டை ஒட்டிய ஜெனரலில் ஏறி, நடுத் தடுப்புக்குப் பக்கத்தில் போய் நின்றேன். தடுப்பின் மேல்பாதி கம்பி வலை. அந்தப் பக்கம் பார்ப்பது மரியாதை இல்லை. முதுகைக் காட்டிக்கொண்டு காதை மட்டும் அனுப்பி வைத்தேன்.

பல்லாவரத்தில் குலவைச் சத்தம். வளையல் குலுங்கியது. சந்தன வாசனை தடுப்பைத் தாண்டி வந்தது. "ஸ்டெல்லா டீச்சர், நீங்க முதல்ல பூசுங்க" என்றது ஒரு குரல். பாட்டு... சிரிப்பு... கிண்டி வருவதற்குள் சாதம் விநியோகம் முடிந்துவிட்டது.

"அக்கா, உங்க குரலைக் கேட்டு ரெண்டு வாரமாச்சு. அந்தப் பழைய சிலிண்டர் கதையைப் படிங்க!"

பத்திரிகை புரளும் சத்தம். பிறகு ஒரு செருமல். சத்தியமாக அது என் செருமல்! பேசுவதற்கு முன் நான் அப்படிச் செருமுவேன் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

"'நேற்று காஸ் சிலிண்டரை நான் ஒரே மூச்சில் மாடிக்குத் தூக்கிச் சென்றேன்...' – ஒரே மூச்சுதான். அது என் மூச்சு! இவர் பின்னாலயே 'பார்த்து, பார்த்து'ன்னு சொல்லிக்கிட்டு வந்தார்!"

அந்தப் பக்கம் பெட்டியே அதிர்ந்தது. இந்தப் பக்கம் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தவர்கள்கூடச் சீட்டை மறந்து சிரித்தார்கள்.

"யாரோ தெரியல... புருஷன்காரன் ரொம்ப பாவம் சார்" என்றார் பக்கத்தில் நின்றவர்.

"பாவம்தான் சார்" என்றேன் நானும் சிரித்துக்கொண்டே.

அந்தச் சிரிப்பெல்லாம் அடங்கியபின் விஜயா மட்டும் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க, அடக்க முடியாமல், ஒரு காலேஜ் பெண் மாதிரி. வீட்டில் அவள் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறவள். இந்தச் சிரிப்பை இதுவரை நான் கேட்டதே இல்லை. இதைத்தானே போதும், நிறுத்திவிடு என்று சொல்லியிருக்கிறேன்? எழும்பூரில் அவள் இறங்கிப்போவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். 'சொல்லிவிடாதே விஜி' என்று கத்தலாம் போலிருந்தது. வண்டி நகர்ந்துவிட்டது.

அன்றைக்கு ஆபீஸில் நான் பார்த்த வேலை அந்த ஆண்டவனுக்கே வெளிச்சம்.

சாயங்காலம் தாம்பரத்தில் பாதிப் படியில் மூச்சு வாங்க நின்றாள். கை நிறையக் கண்ணாடி வளையல்.

"ஆபீஸ்ல... சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேனே."

போச்சு! "என்னன்னு சொன்னே?"

"திங்கக்கிழமையிலேருந்து ரெகுலரா வரேன்னு. கீழ் மாடி செக்‌ஷனுக்கு மாத்திக் கேட்டேன். தரேன்னுட்டாங்க."

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். சந்தோஷமா, கோபமா, எனக்கே தெரியவில்லை. "விட இஷ்டமில்லைன்னு என்கிட்ட அன்னிக்கே சொல்லியிருக்கலாம் இல்ல?"

"நீங்க எங்க கேட்டீங்க? விட்டுடுன்னு சொன்னீங்க." அவள் குரலில் கோபம் இல்லை. "பையனும் ஊர்ல இல்லை. நீங்க வர்ற வரைக்கும் நாள் பூரா வீட்ல உட்கார்ந்தா, எனக்குப் பேச்சுத்துணைக்கு இந்த முட்டி மட்டும்தாங்க இருக்கும்."

அவள் கைப்பையை வாங்கிக்கொண்டேன். "மெதுவா ஏறு" என்றேன்.

இந்த வாரத்திலிருந்து வீட்டைவிட்டுக் கொஞ்சம் முன்னதாகவே கிளம்புகிறோம். ஒரு படி, ஒரு பேச்சு... இன்னொரு படி, இன்னொரு பேச்சு. கஸ்தூரியின் மகளுக்கு நர்சிங் கிடைத்தது, உமாவின் மாமியார் அடிக்கும் கூத்து எல்லாம் எனக்கும் இப்போது தெரியும். மேம்பாலம் இவ்வளவு சின்னதாக இருக்கிறதே என்று நேற்று தோன்றியது.

என்னைப் பற்றிய கதைகளை மட்டும் அவள் மேம்பாலத்தில் சொல்வதில்லை. அவற்றைக் கேட்க லேடீஸ் சீசன் டிக்கெட் வேண்டுமாம்!