மூலையில் எண் போட்ட பேப்பர்

மலேசியக் காட்டுக்குள் போன முதல் நாள், கூட வந்த பேராசிரியர் என்னிடம் கேட்டார்: "செடி அழுத்தறதுக்கு பேப்பர் இருக்காம்மா?" என் பையில் ஒரு கட்டு இருந்தது. அதைப் பிரிக்க எனக்குக் கை வரவில்லை.

எங்கள் தாவரவியல் வகுப்பில் ஒருவருக்கு மட்டுமே அந்தப் பயணம். கல்வராயன் மலையில் சேகரித்த ஐம்பது செடிகளை யார் பழுதில்லாமல் காயவைத்துக் கொண்டுவருகிறார்களோ அவர்களுக்குத்தான் இடம் என்று சொல்லிவிட்டார்கள். போட்டி எனக்கும், அந்த மலைமேல் வெள்ளிமலையிலிருந்து படிக்க வந்த பழங்குடித் தோழிக்கும்தான் என்று வகுப்புக்கே தெரியும். நான் புத்தகத்தைப் புரட்டித் தேடும் செடியை அவள் நடந்துகொண்டே கிள்ளி நீட்டுவாள். அது எனக்கு எரிச்சலாக இருக்கும்.

செடியைச் செய்தித்தாள் மடிப்பில் வைத்து, இரண்டு பலகைகளுக்கு நடுவே இறுக்கிக் கட்ட வேண்டும். ஈரம் ஊறிய தாளைத் தினமும் மாற்ற வேண்டும். தவறினால் பூஞ்சை பிடிக்கும். அவள் தன் தாள்களின் மூலையில் நீலப் பென்சிலால் எண் போட்டு வைத்திருப்பாள்.

எங்கள் சாதிக்காரர்களின் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் தொடங்குவதற்கு முந்தின நாள், அவள் தன் செடிக் கட்டையும் எண் போட்ட ஒரு அடுக்குப் பழைய பேப்பரையும் கீழே நைனார்பாளையத்தில் எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்தாள்.

"அம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல. பஸ் நிக்கறதுக்குள்ள மேல போயிடறேன். பேப்பர மட்டும் தெனம் மாத்திக்கினு இருடி."

மறுநாள் சாலையெல்லாம் வெட்டிப் போட்ட மரங்கள். பஸ் இல்லை, பேப்பர் வரவில்லை, கடைகள் சாத்திக் கிடந்தன. இரண்டே நாளில் என் தாள் தீர்ந்தது. அவளுடையதில் பாதியை எடுத்திருந்தால் இரண்டு கட்டுமே ஒருவழியாகத் தேறியிருக்கும். நான் முழுவதையும் எடுத்துக்கொண்டேன். 'அவளுக்குத்தான் கோட்டா இருக்கே, இது வேறு எதற்கு?' என்று வீட்டில் யாரோ சொன்னதாக எழுதினால் எனக்குச் சௌகரியம். அப்படி நினைத்தது நான்தான். எங்கள் ஆட்கள் ரோட்டில் அடிவாங்கிக் கேட்டதை அவள் சும்மா வைத்திருக்கிறாள் என்று வயிறு எரிந்தது.

வழி திறப்பதற்குள் அவள் மலையிலிருந்து நடந்தே வந்துவிட்டாள். அவளுடைய கட்டைப் பிரித்ததும் நாற்றம் குப்பென்று அடித்தது. ஐம்பதும் கறுத்து, வெள்ளைப் பூஞ்சை பூத்துக் கிடந்தன.

"பேப்பரே வரலடி, நான் இன்னா பண்றது?" என்று அழுதேன். கண்ணீர்கூட வந்தது.

"ரோடே இல்ல, நீ இன்னா பண்ணுவ. வுடு," என்று என் முதுகைத் தடவினாள். "உன்னுதாச்சும் நல்லா இருக்குதா, பாக்கலாம்."

நான் தடுப்பதற்குள் என் கட்டைப் பிரித்துவிட்டாள். ஒவ்வொரு மடிப்பின் மூலையிலும் அவளுடைய நீல எண். எல்லாவற்றையும் புரட்டினாள். பிறகு என் கட்டை முன்னைவிட இறுக்கமாகக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

நான் மலேசியாவுக்குக் கிளம்பிய அன்று கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்கு அவள் வந்தாள். கையில் ஒரு கட்டுப் பேப்பர்.

"அங்க கெடைக்குமோ கெடைக்காதோ. உனக்கு ஜாஸ்தி வேணும் இல்ல?"

அந்தக் கட்டைத்தான் காட்டில் பிரித்தேன். ஒன்றிலிருந்து ஐம்பதுவரை, மூலைக்கு மூலை நீலப் பென்சில். பேராசிரியர் பார்த்து, "பரவாயில்லையே, நம்பர்லாம் போட்டு வச்சிருக்க," என்று மெச்சினார்.

"ஆமாங்க சார்," என்றேன்.